பெயர் எழுதாத வரி

மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. சன்னல் ஒன்று, அதுவும் பாதிதான் திறக்கும். மூன்று இரும்பு அலமாரிகளில் வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகள் கிடந்தன. தோட்டம் கைமாறிவிட்டது. புதிய நிர்வாகத்துக்கு அந்த அறை உரம் அடுக்க வேண்டுமாம். திங்கட்கிழமை காலை புத்தகங்களை வெளியே போட்டு எரிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளன். தோட்டத்தின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று மானேஜருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினேன். பொய்யில்லை, கட்டுரையும் வந்தது. ஆனால் நான் தேடிப் போனது அம்மா பிறந்ததற்கான சான்றை.

அம்மாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. குடிமக்களுக்கு நீல அட்டை. பிறந்தது இங்கேதான் என்று காட்ட அம்மாவிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. சிவப்பு அட்டையில் இருந்த ஆண்டும் குத்துமதிப்பாகப் போட்டது. சிவப்பு அட்டைக்காரர்களிடம் வேலை பெர்மிட் கேட்ட நாட்களில் பக்கத்து வீட்டுக் குடும்பம் பெட்டி கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதை அம்மா பார்த்திருந்தார். அதற்குப் பிறகு அரசாங்க உறை எது வந்தாலும் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். நான் படித்து முடித்து "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்வரை வெளியே வரமாட்டார்.

தோட்ட மருந்தகத்தின் பிறப்புப் புத்தகத்திலிருந்து நகல் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அலுவலக எழுத்தரான கிராணி கதவைத் திறந்துவிட்டார்.

"தம்பி, உள்ள கரையான், பூரான், பல்லி எல்லாம் இருக்கு. எது கடிச்சாலும் பேப்பர்ல என் பேரப் போட்டுறாதீங்க லா."

பிறப்புப் புத்தகங்களை மருந்தகத்துக்காரர் ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். தேதி, குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், அவர்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் எண். பல வரிகளில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அவற்றை விரலால் தாண்டிக்கொண்டே போனேன். பதினொன்றரைக்கு அம்மாவின் பெயர் கிடைத்தது. பெற்றோர் பெயர் சரி. ஆறாம் லயம், அதுவும் சரி. அட்டையில் இருந்த ஆண்டுக்கு மூன்று ஆண்டு முந்தியது. குத்துமதிப்பு ஆண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இது என் அம்மா, நகல் வேண்டும் என்றேன். கிராணி வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மானேஜருக்கு வரலாறு, ஒங்களுக்கு அம்மாவா? கெட்டிக்காரரு." தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகி உட்கார்ந்தார்.

அவர் தட்டிக்கொண்டிருந்தபோது அதே அலமாரியில் இருந்த இறப்புப் புத்தகத்தை எடுத்தேன். சந்தேகப்பட்டு அல்ல. எந்தச் செய்தியையும் இரண்டு இடத்தில் பார்ப்பது பழக்கம். பத்து மாதம் தள்ளி அதே பெயர், அதே பெற்றோர், ஆறாம் லயம். காரணம், காய்ச்சல்.

கிராணி முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான் பார்த்ததைச் சொல்லவில்லை.

ரவாங் போகும் பஸ்ஸில் தாளைச் சட்டைப் பையில் வைத்தேன். வியர்வை படும் என்று குறிப்பேட்டுக்குள் வைத்தேன். குறிப்பேடு தொலைந்தால்? தாள் மறுபடியும் சட்டைப் பைக்கே போனது. திங்கட்கிழமை இறப்புப் புத்தகம் எரிந்துவிடும். ஆனால் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி போயிருந்தால்? செத்துப்போன குழந்தையின் தாளை நீட்டியதற்காக அம்மாவைப் பிடித்து வைத்தால்? இருக்கும் சிவப்பு அட்டையையும் வாங்கிக்கொண்டால்?

சுங்கை சோவில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு முன்ன ஒரு புள்ள இருந்துச்சாம்மா?"

"ஆமா, அக்கா. அது பேருதான் எனக்கும். எங்கப்பாவோட ஆத்தா பேரு, விட்டுற முடியுமா?"

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கலியே. பேப்பர்ல எழுதுறவன், நீதான கேக்கணும்?"

தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெயர் எங்கே என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"திங்கக்கெழம எல்லாத்தையும் எரிச்சிடுவாங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"ஒனக்குத் தெரியுமே. இப்பவே மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு. நாளைக்கு எவனாச்சும் செத்தவங்க புத்தகத்தத் தொறந்தா நானும் செத்தவதான். அப்பறம் செவப்பும் இல்ல, நீலமும் இல்ல."

"வேற எங்கயும் ஒன் பேரு கண்ணுல படலம்மா."

"எப்புடி இருக்கும்? மூணு வயசு வரைக்கும் எனக்குப் பேரே வைக்கல. வச்சா இதுவும் போயிருமோன்னு பயமாம். புள்ள, புள்ளன்னுதான் கூப்புட்டாங்களாம்."

நான் விரலால் தாண்டிப் போன காலிக் கட்டங்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலை கிராணி வீட்டு வாசலில் போய் நின்றேன். குளித்து, வேட்டி கட்டிக் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமகூட வரலாறா?" என்றார். இந்த முறை எதையும் மறைக்காமல் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது பிறப்புப் புத்தகத்தில், அக்காவின் வரிக்கு மூன்று ஆண்டு தள்ளி, இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடிக்கோலை உள்ளே விட்டு மெல்லப் பிரித்தேன். ஒரு மூலை கிழிந்து கையோடு வந்தது. அதற்குக் கீழே இருந்தது வரி. பெண். பெற்றோர் பெயர். ஆறாம் லயம். பெயர்க் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"பேருக்கு என்னா போட?" என்றார் கிராணி, இயந்திரத்தின் முன்னால்.

"காலியா இருக்குங்க ஐயா."

"நானே அடிச்சிடுறேன். நாளைக்குப் புத்தகமே சாம்பல். எவன் வந்து பாக்கப்போறான்?"

அவர் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே நின்றன. அம்மாவின் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன். பிறகுதான், "புத்தகத்துல உள்ளபடி" என்றேன்.

"ஒங்க இஷ்டம் லா." பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கோடுகள் தட்டினார்.

அந்த இரண்டு புத்தகங்களையாவது கேட்டேன். கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். திங்கட்கிழமை எரித்தார்கள். அவற்றில் இருந்த மற்றக் காலி வரிகளை நான் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அந்த அறையில் இருந்தேன், கையில் பேனா இருந்தது.

பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது உறையில் இரண்டு நகல்களும் இருந்தன. எங்கள் முறை வருவதற்குள் அம்மா உறையை வாங்கி, பெயர் உள்ள தாளை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எது எது என்று கோடுகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "நாமா தாக் அடா. இனி சியாப்பா?" பெயர் இல்லையே, இது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா கோடுகளின்மேல் விரலை வைத்தார். "இத்து சாயா லா, துவான்." அது நான்தான் ஐயா என்று.

ஆறாம் லயத்தில் இருந்த மூத்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. ஒருவரைப் பத்தாங் காலி என்ற ஊரில் பிடித்தோம். இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை, ஆனால் 'புள்ள'யை நினைவிருந்தது.

பல மாதம் கழித்து ஓர் உறை வந்தது. அம்மா அதை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நீல அட்டைக்குப் புகைப்படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். பிறந்த தேதி அந்தக் காலி வரியின் தேதி. பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தேன், இரண்டு முறை. பிறகு அடுப்படியைப் பார்த்துச் சொன்னேன்:

"ஒண்ணுமில்லம்மா, வெளிய வா."