உடும்பனின் தலைமாட்டில் நின்றவன்

இது யாரோ சொல்லக் கேட்டதல்ல. என் கண் முன்னால் நடந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. குடிப்பதில்லை, கதை கட்டும் பழக்கமும் இல்லை. என் குடும்ப மானத்துக்கு இது நல்ல சம்பவமும் அல்ல. பொய் சொல்ல நினைத்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

பாறசாலையிலிருந்து கடலைப் பார்த்து வந்தால் பொழியூர். அங்கே எங்களுக்கு ஒரு கரமடி வலை உண்டு. வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்க வடத்தையும் கரையில் நின்று இழுப்போம். நடுவே மீன் சேரும் பைதான் மடி. எங்கள் குடும்ப மடியில் கத்தி படக்கூடாது. அது முன்னோர் வைத்த முறை.

பதினான்கு வருடத்துக்கு முன்பு என் தம்பி ஈசாக் அந்த மடியை அறுத்தான். உள்ளே ஓர் உடும்பன் சிக்கியிருந்தது. வள்ளத்தைப் போல நீளம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஆளைத் தொடாத சாதுவான சுறா. சட்டப்படி அதை உயிரோடு விட வேண்டும். வாலில் கயிறு கட்டி வள்ளத்தால் கடலுக்குள் இழுத்து விடுவது எங்கள் வழக்கம். அவன் கேட்கவில்லை. மீனை விடுவிக்க மடியில் கத்தியை வைத்துவிட்டான்.

எண்பது பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தேன். "இனி என் படி ஏறாதே" என்றேன். அவன் மங்களூருக்குப் படகு வேலைக்குப் போனான். "அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிட்டா வாறேன்" என்று என் மனைவி பவுலாவிடம் சொல்லிவிட்டுப் போனானாம். ஒவ்வொரு தவக்காலத்திலும் பவுலா என்னிடம் கெஞ்சுவாள். நான் கூப்பிடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

அதன்பின் மூன்று உடும்பன்களை வாலில் கட்டி விட்டோம். மூன்றும் மறுநாளே செத்துக் கரை ஒதுங்கின. கடலின் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை 4.20க்கு வலை வளைத்தோம். 5.10க்கு வடம் அசையாமல் நின்றது. வள்ளத்திலிருந்த என் மகன் சிஜோ டார்ச் அடித்துக் கத்தினான்.

"அப்பா! உடும்பனாக்கும்! நம்ம வள்ளத்தவிடப் பெருசு!"

"வாலுல கயிறப் போடுலே! நான் எறங்குறேன்."

மடி கிழியாமல் பார்க்கத்தான் இறங்கினேன். கழுத்தளவுத் தண்ணீர். மீனின் தலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். செவுள் மெல்ல விரிந்து மெல்ல மூடியது.

5.18. தலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றான். வடம் இழுப்பவர்களில் ஒருவன் என்று நினைத்தேன். அலை என் வாயில் அடித்தது. அவனுக்கு மார்பளவுக்கு மேல் ஏறவில்லை. அவன் அசையவும் இல்லை.

"அண்ணே... வாலுல கெட்டண்டாம்."

குரல் தெரிந்தது. ஈசாக்கின் குரல்.

"பின்னால இழுத்தா செவுளுக்குள்ள தண்ணி எதிரா ஏறும். மூச்சு முட்டிச் சாவும். மூணு செத்தது போதும் அண்ணே."

மூன்று... இவனுக்கு யார் சொன்னது?

கடல் வாசனை நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடித்தது. நடுக்கடலில் அல்ல, கரைக்கு முப்பதடியில்.

"கத்தி உம்ம இடுப்புல உண்டு."

ஏன் எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. எடுத்தேன். மடியை அறுத்தேன். சர்... சர்... என்ற சத்தம் மட்டும்.

"செவுளுல கை படண்டாம். கொக்கியும் வேண்டாம். தண்ணியவிட்டுத் தூக்கண்டாம். பக்கத்துல கைய வச்சு, தலைய மட்டும் கடலுக்குத் திருப்பும். வாய் வழியா தண்ணி போவட்டு."

திருப்பினோம். இரண்டு பேரும்.

மீனின் தாடைக்கடியில் அவன் கை என் கைமேல் பட்டது. ஐஸ். கடல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கை மட்டும் ஐஸ்.

5.31. வால் ஒருமுறை அசைந்தது. மறுபடி அசைந்தது. ஒரு கீறல் இல்லாமல் போய்விட்டது.

இப்போது எங்களுக்கு நடுவே தண்ணீர் மட்டும்.

"அண்ணே... வீட்டுக்கு வரட்டா?"

கரையில் அத்தனை பேர் நின்றார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஓர் அலை போனது.

இரண்டு.

மூன்று...

திரும்பினேன். யாருமில்லை.

"அப்பா, ஆருகிட்ட பேசிட்டு நின்னீரு?" வள்ளத்திலிருந்து சிஜோ கேட்டான்.

"அந்தப் பக்கம் நின்னவன் எங்கலே?"

"அந்தப் பக்கம் பள்ளமாக்கும். ரெண்டாள் ஆழம். அங்க ஆரு நிப்பா?"

நான்காம் நாள், நடந்ததைக் கேட்ட பவுலாவின் பிடிவாதத்தால் சிஜோவை மங்களூருக்கு அனுப்பினேன். அங்கிருந்து போன் செய்தான். அவனால் சரியாகப் பேச முடியவில்லை. ஈசாக் இறந்து ஒரு மாதமாகிறது. படகிலேயே நெஞ்சுவலி. உரிமை கோர ஆளில்லாமல் உடல் ஆஸ்பத்திரி ஐஸ் அறையில் கிடந்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் பொதுக் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள். உடலை அறையிலிருந்து எடுத்த நேரம் ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது. 5.35.

பதிவில் இன்னொரு வரியும் இருந்தது. இறந்த மறுநாள் உறவினர் ஒருவருக்குப் போன் செய்யப்பட்டது. அப்படி ஒருவன் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று பதில் வந்தது.

சிஜோ அந்த எண்ணை வாசித்தான். என்னுடைய எண்.

அந்தப் போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஈசாக் என்ற பெயர் காதில் விழுந்ததுமே அதைச் சொல்லித் துண்டித்துவிட்டேன். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை.