கருவாயன் எதற்கு

எதை வளர்த்தாலும் கொளஞ்சியிடம் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மாடு பாலுக்கு, கோழி முட்டைக்கு, நாய் குரைப்பதற்கு. ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளக் கொல்லையை வைத்துக்கொண்டு சும்மா தின்கிற வாய்க்கெல்லாம் தீனி போட முடியுமா? முட்டையை நிறுத்திய கோழிக்கு அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் அவகாசம் கொடுப்பாள். "நல்லவேளை, எனக்கு இன்னும் மம்புட்டி புடிக்க வருது" என்று புருஷன் செல்லதுரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளை ஒரு கிடா கவிழ்த்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் செல்லதுரையைக் கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்தது. திருச்சி பெரியாஸ்பத்திரியில் அவர் கண் திறக்காமல் கிடந்த இரண்டு நாளும் கொளஞ்சி வராந்தாவில் உட்கார்ந்து ஊர்க் கருப்புசாமியிடம் மன்றாடினாள். "இந்த மனுசன எனக்குத் திருப்பிக் குடு சாமி, உனக்குக் கிடா வெட்டுறேன்." சாமி கொடுத்தது. அவளும் கறுப்பாக ஒரு குட்டியைப் பார்த்து நேர்ந்து விட்டாள். குட்டியின் தாய் செத்துப்போனதால் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க வேண்டியதாயிற்று. அங்கேதான் காரியம் கெட்டது. கருவாயன் என்று பெயர் வேறு வைத்தாள். அது அவள் பின்னாலேயே ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றது. நூறுநாள் வேலைக்கும் போனது. அங்கே மற்ற பெண்களைப் போலவே வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது.

செல்லதுரைக்கோ மூன்று வருடமாகத் தலைக்கறிக் கனவு. கருவாயன் பக்கத்தில் வந்தால் தடவிக் கொடுப்பது போல விலாவைப் பிடித்துப் பார்ப்பார்.

தை மாதத்தில் மாட்டாஸ்பத்திரியிலிருந்து சுகன்யா என்ற பெண் கால்நடைக் கணக்கெடுக்க வந்தாள். ஆடு எத்தனை என்று கேட்டாள்.

"ஆடெல்லாம் இல்லம்மா" என்றாள் கொளஞ்சி.

அப்போது கருவாயன் சுகன்யாவின் துப்பட்டா நுனியை மென்றுகொண்டிருந்தது.

"அப்ப இது என்னங்க அக்கா?"

"அது ஆடுதான். ஆனா கால்நடைல வராது."

சுகன்யா துப்பட்டாவை மீட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். "கால்நடைன்னா மனுசன் தன் உபயோகத்துக்கு வூட்டுல வச்சு வளக்குறது அக்கா. பாலுக்கு, கறிக்கு, ஏருக்கு, எருவுக்குன்னு எதுக்காவது இருக்கும்ல? இத எதுக்கு வளக்குறீங்க?"

கொளஞ்சிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் காரணம் கிடைக்கவில்லை. சாமிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான்" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

"கறிக்குன்னு போடும்மா!" என்று உள்ளேயிருந்து செல்லதுரை குரல் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு உறுத்தியது. வரும் ஆடியில் கிடா வெட்டிப் படையல். வேண்டுதலை மீறினால் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். வெட்டவும் மனசு வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றும்போது கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. சிலுப்பாத கிடாவை எவனும் தொடமாட்டான். சரி, தண்ணீர் பழகிவிட்டால்?

மறுநாளிலிருந்து தினமும் போர்செட்டில் கருவாயனுக்குக் குளியல். முதல் வாரம் சிலுப்பிச் சிலுப்பி அவளையும் நனைத்தது. பங்குனி வெயிலில் தானாகவே வந்து குழாயடியில் நின்றது. சித்திரையில் கண்ணை மூடிச் சுகமாக அசைபோட ஆரம்பித்தது. "சாமி ஆட்டத் தெனம் குளிப்பாட்டுறா, என்னா பக்தி!" என்று செல்லதுரை டீக்கடையில் பெருமையடித்தார்.

ஆடியும் வந்தது. கோயில் முன்னால் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். செல்லதுரையின் அக்கா மலர்கொடி விடியும் முன்பே எழுந்து அம்மியில் மசாலா அரைத்திருந்தாள். பூசாரி ராஜவேல் ஒரு சொம்பு ஊற்றினார். கருவாயன் கண்ணை மூடியது. இரண்டாவது சொம்புக்கு முதுகை வாகாகக் காட்டியது. ஏழாவது சொம்புக்கு அசைபோட்டது. சோறு வெந்து குழைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா கொளஞ்சி, வேண்டுதல்ல ஏதோ கொற இருக்கு. மனசுல உள்ளதச் சாமிகிட்டச் சொல்லிடு" என்றார் பூசாரி.

சாமி முன்னால் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. ஓடிப்போய்க் கருவாயன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தெனம் தண்ணி ஊத்திப் பழக்குனது நாந்தான் சாமி! எம் புருசனக் குடுத்துட்ட, நாந்தான் உன்னைய ஏமாத்துறேன். இத வெட்ட எனக்கு மனசு வரல!" என்று கதறினாள். அவள் கண்ணீர் கருவாயனின் காதுக்குள் இறங்கியது. ஏழு சொம்புத் தண்ணீருக்கு அசையாத கிடா, மூக்கிலிருந்து வால் வரைக்கும் சடசடவென்று சிலுப்பியது.

பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு அரிவாளுக்குக் கை நீட்டினார். கொளஞ்சிக்கு உயிரே போய்விட்டது.

செல்லதுரை குறுக்கே வந்து நின்றார்.

"எங்க சிலுப்புச்சு?"

"டேய் தம்பி, என் சீல பூரா நனஞ்சு கெடக்கு, எங்கங்குற?" என்றாள் மலர்கொடி.

"நான் பாக்கல. வேண்டுதல் என் உசுருக்குத்தான? நான் பாக்காத உத்தரவு எப்புடிச் செல்லும்?"

பூசாரி அவரைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார். "நானும் அப்பக் கண்ண மூடியிருந்தேன். சாமிக்கு இன்னும் நாளாவும்போல" என்று சொல்லி அரிவாளைக் கீழே வைத்தார்.

அரைத்த மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். மலர்கொடி எல்லாருடைய காதிலும் விழும்படி முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினாள். மூன்று வருடம் தலைக்கறிக்குக் காத்திருந்த மனுஷன், இலையில் விழுந்த கத்தரிக்காயை ரசித்துப் பிசைந்து சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளஞ்சிக்கு மனசு பொங்கியது. இந்த மனுஷனுக்காக ஒரு கிடா என்ன, பத்துக் கிடா நேர்ந்துவிடலாம் என்று நினைத்தாள். கருவாயன் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.