பிள்ளைச்சாவடிச் சாலைக்கு எத்தனை நட்சத்திரம்?

ஒருவர் உழைப்புக்கு இன்னொருவர் போடும் மதிப்பெண்ணைக் காவல் காக்கிற வேலை என்னுடையது. இதில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கலாம். வாடிக்கையாளர் கருத்து என்ற பெட்டியைத் தினமும் திறந்து பார்க்க விதிக்கப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பஸ் ஓட்டும் வீடியோ கேம் ஒன்று. அதற்குள் ஓட, ஆட்டக்காரர்களே சொந்தமாக பஸ், சாலை, ஊர் எல்லாம் செய்து சேர்ப்பார்கள். மோட் என்று பெயர். அவற்றைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கொடுக்கும் இணையதளம் எங்களுடையது. சாரம் என்கிற பகுதியில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். நட்சத்திரம் குறைந்தால் மோட் பட்டியலின் அடிக்குப் போய்விடும். அப்புறம் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஏறவில்லை

பிள்ளைச்சாவடி சேகர் அண்ணன் விடியலில் கடலுக்குப் போய்வந்து, மத்தியானத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து தன் ஊர்ச் சாலையைச் செய்து அனுப்பினார். மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள்கூட அதில் இருந்தார்கள். முதல் மதிப்பெண்ணே ஒற்றை நட்சத்திரம். என்ன குறை என்று போட்டவருக்கு எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது: “ரோடு எப்படின்னு தெரியாது ப்ரோ. என் போன்ல இடமில்ல, ஏறல. அந்தக் கடுப்புல போட்டேன்.”

காரணம் எழுதவும்

இனி ஒற்றை நட்சத்திரம் போட்டால் காரணம் எழுத வேண்டும் என்று மாற்றினேன். பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் வெறும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் திட்டினார்கள். கருவடிக்குப்பத்துக்காரர் ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார். கடலோரம் வரிசையாக வீடுகள் காட்டியிருக்கிறதாம், அவர் அந்தப் பக்கம் தினமும் போகிறவராம், அங்கே வீடே கிடையாதாம், மேப் தப்பாம்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சேகர் அண்ணனுக்கு போன் போட்டு, திருத்திவிடலாமா என்று கேட்டேன். “இருந்திச்சி தம்பி. கடல் எடுத்துக்கிச்சி. மூணாவது வீடு எங்களுது.”

ஒரே வைஃபை

வீடு போன அந்தத் தெருக்காரர்கள் டீக்கடை வைஃபையில் மோடை இறக்கி, பஸ்ஸைத் தங்கள் வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஆளாளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கள்ள மதிப்பெண்ணைப் பிடிக்க நாங்கள் ஒரு சல்லடை வைத்திருந்தோம். ஒரே இணைப்பிலிருந்து கும்பலாக வந்தால் தள்ளிவிடும். அத்தனையும் போயிற்று. மிஞ்சியவை ஒற்றை நட்சத்திரங்கள்தான்.

மேலாளர் கல்பனா அக்காவிடம் போய் நின்றேன். இவர்களுக்காகத் திறந்தால் காசு வாங்கிக்கொண்டு போடுகிறவனும் உள்ளே வருவான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. “நெஜமா பிடிச்சிப் போடுறவங்களும் கும்பலாத்தான்பா வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

இரண்டு கேள்விகள்

கடைசியில் கேள்வியை இரண்டாகப் பிரித்தேன். ஓடியதா? பிடித்ததா? மோட் ஓடாதவர்களின் கோபம் இனி நட்சத்திரத்தில் சேராது. கும்பலாக வந்தாலும், உண்மையில் ஓட்டிப் பார்த்தவர்கள் என்றால் ஏற்றுக்கொள்ள அக்காவும் சம்மதித்தார். செய்து முடிக்க மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

சேகர் அண்ணனின் சாலை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று தேடினால், சாலையே இல்லை. முந்தின வாரம்தான் எடுத்திருக்கிறார். மறுபடி ஏற்றுங்கள் என்று போனில் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. “வேணாம் தம்பி. அங்க வீடே இல்லன்னு ஒவ்வொருத்தனா வந்து எழுதுறான். எங்கம்மா அதைப் படிச்சிக் காட்டச் சொல்லிக் கேக்குது.”

எங்கள் மதிப்பெண் முறை இப்போது ரொம்ப நியாயமாக வேலை செய்கிறது. மதிப்பிடத்தான் அந்தச் சாலை இல்லை.