முழங்காலில் இருந்த நான்கு மேடுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஆவடி ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் நெஞ்சில் ஒரு பாரம் உட்கார்ந்தது. நின்றால் இறங்கியது, நடந்தால் திரும்ப வந்தது.

அம்பத்தூரில் பார்த்த மருத்துவர் சின்ன வயதுப் பெண். கால் வீக்கம் பார்க்க வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கச் சொன்னார். இடதில் இரண்டு, வலதில் இரண்டு, நெல்லிக்காய் அளவில் நான்கு மேடுகள்.

“இது என்னங்கய்யா?”

“மண்டிபோட்டு ஜெபம் பண்ணதுல வந்ததும்மா.”

கோவில்பதாகையில் எங்கள் சபையே அப்படித்தான் நம்பியது. போதகர் பிரசங்கத்தில் என் முட்டியை உதாரணம் காட்டுவார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றபின் எனக்கிருந்த ஒரே பெருமை அது. ஆலயத்துக்கே வராத மகனை அதைச் சொல்லித்தான் திட்டுவேன்.

மருத்துவர் அழுத்திப் பார்த்தார். “காய்ச்சுப்போன தோல் இப்படி மஞ்சளா இருக்காதுய்யா. இது கொழுப்பு.”

பிறகு விளக்கினார். கொழுப்பு ரத்தத்தில் தனியாகப் போகாது. கொழுப்புப்புரதம் (கொழுப்பைச் சுமக்கும் நுண்துகள்) ஏற்றிச் செல்லும். சுமை மிஞ்சினால் அது ரத்தக்குழாய்ச் சுவரிலும் தோலுக்கடியிலும் தங்கிவிடும். நோய் எதிர்ப்பு அணுக்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள்) அதை விழுங்கி உப்பிப்போய், மேலும் அணுக்களை உதவிக்கு அழைக்கும். இதயக் குழாயில் இது நடந்தால் சுவரில் அழற்சி (உள்ளே புண்பட்டு வீங்குதல்) உண்டாகி வழி குறுகும்.

“வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா? பரம்பரையா வரலாம்.”

மகன் அரைக்கால் சட்டையோடு ஸ்கூட்டர் கழுவும்போது அவன் முட்டியிலும் குதிகாலிலும் இதே மேடுகளைப் பார்த்திருக்கிறேன். மண்டியே போடாதவனுக்கு எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன்.

“உனுக்கு ஜெபத்துல வந்துச்சு, எனுக்கு மட்டும் வியாதியா? நல்லா கீது நைனா.”

“ரெண்டும் ஒண்ணுதாண்டா.”

“அத்த சபைல சொல்லு. அப்பால வரேன்.”

அவனுக்கு வயது முப்பத்தொன்று. அவன் நெஞ்சிலும் அது தொடங்கியிருக்கலாம் என்று தெரிந்தும் இரண்டு ஞாயிறுகளை வீணாக்கினேன். மூன்றாம் ஞாயிறு ஆராதனையில், அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்தேன். என் முட்டியில் இருப்பது பக்தி அல்ல, கொழுப்பு என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் வந்தான். அவனுக்கும் ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே பத்தியம்.

உங்கள் உடம்பிலும் இப்படி மேடு இருந்தால், அதற்கு நீங்களாக வைத்திருக்கும் காரணத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

இரண்டு வருடத்தில் நான்கில் மூன்று வற்றிவிட்டன. மேம்பாலத்தை நின்று நின்று ஏறிவிடுகிறேன். ஆனால் மண்டியிட்டால் சிமெண்ட் தரை நேராக எலும்பில் படுகிறது. நூறு எண்ணுவதற்குள் எழுந்துவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேனே, அதில் ஜெபம் எவ்வளவு, அந்த மேடுகள் தந்த மெத்தை எவ்வளவு என்று நினைப்பு வரும்போது, யாருமில்லாத அறையிலும் வேட்டியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறேன்.