பழைய மிக்ஸி ஃபெயிலான அன்று

துடியலூர் மிக்ஸி கம்பெனியில் கோமளா பார்த்த வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. ஒரு வீட்டில் சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கிறதே, அந்தக் கரகரப்பு வயர் வழியாக எவ்வளவு வெளியே போகிறது என்று அளப்பதுதான் வேலை. 1996இல் ஐரோப்பாக்காரர்கள் அதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். தாண்டினால் சரக்கு கப்பல் ஏறாது.

கரகரப்பை அடக்கும் ஃபில்டரைக் கோமளாவே செய்திருந்தாள். முதலாளி அரங்கசாமி நல்ல மனிதர்தான், பொறுமைதான் கிடையாது. "ஆயுதபூசை முடிஞ்ச கையோட பாஸ் ஆகோணுங்க அம்மணி. இல்லீன்னா இந்த ரூமைக் குடோனாக்கிப் போடுவேன்" என்றுவிட்டார். அளப்பதற்கென்று அந்த அறையை அவரிடம் மல்லுக்கட்டி வாங்கியவள் அவள்.

பூசைக்கு மறுநாள் ஃபில்டர் வைத்த புது மிக்ஸியை ஓட்டினாள். திரையில் கோடு வரம்புக்கு எங்கேயோ கீழே படுத்துக் கிடந்தது. பாஸ்! அரங்கசாமி லட்டுக்கு ஆள் அனுப்பினார். கோமளாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் சும்மா இருக்கிற சுபாவமா அவளுக்கு? ஃபில்டரே இல்லாத பழைய மிக்ஸியை எடுத்து மாட்டினாள். அதுவும் பாஸ்! போன வாரம்வரை வரம்பைத் தாண்டி எகிறிக் குதித்த மிக்ஸி அது.

குனிந்து பார்த்தாள். அளக்கும் பெட்டி உட்கார்ந்திருந்த இரும்புத் தகடு பச்சைப்பசேலென்று மின்னியது. பூசைக்காக லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பெயிண்ட் அடித்தவர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை, சந்தனப் பொட்டு வேறு. பெட்டியின் அடிப்பாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் கரகரப்பு முழுசாகக் கணக்கில் வரும்.

"ஏனுங்க சார், இதுக்கு யாருங்க பெயிண்ட் அடிச்சது?"

"நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன். துருப்புடிச்சுக் கெடந்துச்சு. அதான் பாஸ் ஆச்சுல்லங்க, உட்டுப்போட்டு லட்டு சாப்புடுங்க."

"பழசும் பாஸாகுதுங்க சார். அப்ப இது பாஸே இல்லீங்க."

உப்புத்தாளை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். கைக்கு வந்ததை இப்படிக் கெடுத்துக்கொள்கிறாளே என்று எல்லோரும் வாய்பிளந்து நின்றார்கள். பழைய மிக்ஸி ஓடியது. கோடு வரம்பைத் தாண்டி மேலே பாய்ந்தது.

"ஃபெயிலுங்க சார், ஃபெயிலு!" என்று துள்ளிக் குதித்தாள் கோமளா. அரங்கசாமிக்கு முகம் செத்துப்போயிற்று.

பிறகு புது மிக்ஸி. கோடு ஏறியது, இன்னும் ஏறியது, வரம்புக்கு மயிரிழை கீழே நின்றது. நின்றேவிட்டது. கோமளா வெட்கப்படாமல் அழுதாள்.

அரங்கசாமி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூமு உங்களுதுதானுங்க அம்மணி," என்றார். "அந்தப் பழசை இன்னொருக்கா மாட்டுங்க. அது ஃபெயிலாகறதை நானும் ஒருக்கா சந்தோசமாப் பார்த்துக்கறேன்."