பின்தெருவால் வருகிறவர்

லண்டனில், இல்ஃபோர்டில் என் மகன் படிக்கும் ஆரம்பப் பள்ளியின் வாசலில் அவரைத் தினமும் பார்ப்பேன். மழையில்லாத நாளிலும் மழைச்சட்டை போட்டிருப்பார். ஒரு கையில் மகள், மறுகையில் அவளுடைய புத்தகப்பை. பேருந்து பள்ளிக்கு முன்னாலேயே நிற்கும். அவரோ அதற்கு முந்திய தரிப்பில் இறங்கி, பின்தெருவைச் சுற்றி நடந்து வருவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாங்கள் இடம்பெயர்ந்திட்டம், தம்பி.”

அம்மாவின் இலங்கைப் போர்க்காலக் கதைகளில் மட்டுமே நான் கேட்ட சொல் அது. திடுக்கிட்டு, எங்கே என்றேன்.

“அப்டன் பார்க்குக்கு. இஞ்சை வாடகை கூடிப்போச்சு. அது பள்ளிக்கூட எல்லைக்கு வெளியிலயாம். தெரிஞ்சா பிள்ளையை நிப்பாட்டிப் போடுவினம். அதுதான் பழைய வீட்டுப் பக்கத்தால வாறன்.”

“ஒருக்காச் சேர்த்த பிள்ளையை வீடு மாறினதுக்காக நிப்பாட்ட ஏலாது, அண்ணை. புது விலாசத்தை ஒபிசில சொன்னாச் சரி.”

அவர் நம்பவில்லை. நானே கூட்டிப்போனேன். அலுவலகத்துப் பெண் விலாசத்தை மாற்றிக்கொண்டு, பிள்ளை இங்கேயே தொடர்ந்து படிக்கலாம் என்றாள். அவர் அவளுக்கும் எனக்கும் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார்.

மறுநாளும் பின்தெருவால்தான் வந்தார்கள். எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருந்தது.

“இனி என்னத்துக்கு அண்ணை இந்தச் சுத்து?”

“நீங்கள் எத்தினை வயதில இஞ்சை வந்தனீங்கள்?”

“கைக்குழந்தையா வந்தனானாம்.”

“அதுதான் ஒபிசில சொன்னதை நம்புறியள்,” என்றார், கோபமில்லாமல்.