எவுலாலியாவைத் தாண்டிப் போன மாத்தே

ஐம்பத்தெட்டு வயதிலும் நெலிதா பிரிசுவேலா ரயில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தலைநகரின் ரெத்திரோ நிலையத்துக்கு வந்துவிடுவாள். இருக்கை எண் போட்ட சீட்டு கையில் இருக்க, இந்த அவசரம் எதற்கு என்று கேட்டுக் கேட்டு மகள் மரிசா அலுத்துப்போயிருந்தாள். அவசரம் வெந்நீருக்காக. நிலையத்து உணவுக்கடையில் கெட்டில் கொதிக்கத் தொடங்கும் முன்னால் பிளாஸ்க்கை நீட்டிவிட வேண்டும். கொதித்த நீர் மாத்தே பானத்துக்கான இலையைக் கருக்கிவிடும்.

அந்த நாட்டில் மாத்தே குடிக்காதவர் குறைவு. ஆனால் கூட்டத்தில் ஊற்றிக் கொடுப்பவர் ஒருவர்தான். சுரைக்குடுவையில் இலைத்தூளைச் சாய்வாக நிரப்பி, உலோகக் குழலைச் செருகி, தூசும் கசப்புமாக வரும் முதல் குடுவையைத் தானே குடித்துவிட்டு, அப்புறம் வலமிருந்து இடமாக ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். குடித்தவர் குடுவையைப் பேசாமல் திருப்பித் தந்தால் அடுத்த சுற்றிலும் அவருக்கு உண்டு. நன்றி சொல்லித் தந்தால் போதும் என்று பொருள். நெலிதா இருக்கும் இடத்தில் குடுவை அவள் கையில்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் இரவுப்பணி முடித்த செவிலியருக்கும், ரயிலில் எதிர் இருக்கைக்காரருக்கும் அவள்தான் ஊற்றினாள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் வேறு அதிகம் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வாள்.

எண்பத்தேழாம் ஆண்டு ஜூலையில், எப்போதும்போலப் பத்து நாள் விடுப்பு எடுத்துக் கிளம்பினாள். துக்குமானில் அவளோடு செவிலியர் படிப்புப் படித்த மூன்று பேர் அந்த ரயில்பாதை நெடுகிலும் சிதறிக் கிடந்தார்கள். ரோசாரியோவில் அசுசேனா, லா பாண்டாவில் எவுலாலியா, துக்குமானிலேயே தங்கிவிட்ட எர்மினியா. நெலிதா இரண்டு ஊர்களில் இறங்கித் தங்கி, வழியில் ஆளைச் சேர்த்துக்கொண்டு, ஜூலை இருபது நண்பர்கள் நாளன்று எர்மினியாவின் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேருவாள். பதினைந்து வருடமாக இதுதான் வழக்கம்.

போன வருடம் அந்த மேசையில்தான் அது நடந்தது. அன்று காலையில் சமையலறையில் எவுலாலியா விளையாட்டாக ஒரு வார்த்தை விட்டாள். “தலைநகரத்துக்காரி ஊத்தற சுடுதண்ணியில கோழி உரிக்கலாம்.” நெலிதா சுருக்கென்று, “பிடிக்கலேன்னா குடிக்காதே” என்றாள். அதோடு எல்லாரும் சிரித்து மறந்தார்கள். பிற்பகல் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது எவுலாலியா நெலிதாவின் இடப்பக்கம் இருந்தாள். அதனால் சுற்றில் கடைசி ஆள். குடுவை அவளுக்கு முந்தைய ஆளோடு நின்று நெலிதாவிடமே திரும்பியது. இரண்டாம் சுற்றிலும் அப்படித்தான். மூன்றாம் சுற்றிலும் தன்னைத் தாண்டிப் போனபோது எவுலாலியா எழுந்தாள். “நன்றி” என்றாள்.

ஒரு வாய்கூடக் குடிக்காதவள் சொன்ன நன்றி அது. அவள் அன்று மாலை ரயிலிலேயே லா பாண்டாவுக்குத் திரும்பிவிட்டாள்.

நான் யாரையும் விடவில்லை என்று நெலிதா சாதித்தாள். மனதார நம்பித்தான் சொன்னாள். நாற்பது வருடத்தில் ஒருவரையும் விட்டதில்லை. நீதான் கதை கட்டுகிறாய் என்று எவுலாலியாவுக்குக் கடிதமும் எழுதினாள். பதில் வரவில்லை.

மார்ச் மாதம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் மருத்துவர் நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் என்றார். இடக்கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து உதிர்ந்து போய், நடுவில் நாணயம் அளவுதான் மிச்சம் என்றார். எப்போதிலிருந்து என்று அவள் கேட்டாள். இரண்டு மூன்று வருடமாவது இருக்கும் என்றார். அவளால் நம்ப முடியவில்லை. எங்கும் இருட்டாகத் தெரிந்ததில்லையே. இழந்த இடத்தில் இருட்டு இருந்தால் இழந்தது தெரியும். அங்கே ஒன்றுமே இல்லாதபோது, உலகம் அவ்வளவுதான் என்று கண் முடிவு செய்துகொள்கிறது. அந்த ‘ஒன்றுமில்லாத’ இடத்தில்தான் எவுலாலியா மூன்று சுற்று காத்திருந்தாள்.

நெலிதா இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தால் மரிசாவுக்குப் போகும். மரிசாவுக்குத் தெரிந்த மறுநாளே தனி ரயில் பயணம் முடிந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று. குடுவையை வேறொருத்தி வாங்கிக்கொள்வாள், அன்பாக. சொல்லாவிட்டால் எவுலாலியா இல்லை. சொன்னால் ரயிலும் குடுவையும் இல்லை. நான்கு மாதம் யோசித்துவிட்டு, லா பாண்டாவுக்குச் சீட்டு எடுத்தாள். சனிக்கிழமை காலை வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டாள்.

ரோசாரியோவில் அசுசேனா நடைமேடைக்கே வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் வைத்து ஊட்டினாள். வழியனுப்பும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“நேரா துக்குமானுக்குச் சீட்டை மாத்திக்கடி. நான் பின்னால வந்துடறேன். அவ கதவைத் திறக்கமாட்டா.”

“திறக்காட்டி வாசல்ல உக்காருறேன்.”

“உக்காரு. அவ நாய்க்கு உன்னை நல்லாப் பிடிக்கும். எதுக்குப் போற? தப்பு பண்ணலேன்னு நீதானே ஒரு வருஷமா கத்திக்கிட்டிருக்கே?”

“அதைச் சொல்லத்தான் போறேன்.”

“எதை?”

“ரயில் வந்தாச்சு, பையைக் கொடு” என்றாள் நெலிதா. ரயில் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மறுநாள் காலை லா பாண்டாவில் இறங்கினாள். குளிர்காலத்து வறண்ட வெயில். நடைமேடையில் அவளுக்கென்று யாரும் இல்லை. மற்ற வருடங்களில் ரயில் நிற்கும் முன்பே எவுலாலியாவின் குரல் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிவரும். நெலிதா தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பன்னிரண்டு தெரு நடந்தாள். இடப்பக்கம் வரும் சைக்கிள்களுக்காக மூலைக்கு மூலை நின்று, தலையை முழுவதும் திருப்பிப் பார்த்து நடந்தாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் மணி கிடையாது; வேலிக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டும். பதினைந்து வருடத்தில் இந்த வேலிக்கு முன்னால் அவள் கைதட்டியதில்லை. இப்போது தட்டினாள்.

முற்றத்து மண் அடுப்பின் அருகே எவுலாலியா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பன்றிக்கொழுப்பு சேர்த்த மாவு. நிமிர்ந்து பார்த்தாள்; கையை நிறுத்தவில்லை.

“வாங்க. தலைநகரத்து அம்மா வழி தவறிட்டீங்களா?”

நாற்பது வருடமாக ‘வாடி, போடி’ என்றவளின் வாயில் ‘வாங்க’. நெலிதா பையைக் கீழே வைத்தாள்.

“நீ சொன்னதுதான் சரி. மூணு சுத்து உன்னைத் தாண்டிப் போனேன்.”

“தெரியுமே. நான் அங்கதான் உக்காந்திருந்தேன்.”

“எனக்குத் தெரியல எவுலாலியா. நீ அங்க உக்காந்திருந்ததே தெரியல.”

“அவ்வளவு சின்னவளாப் போயிட்டேனா உங்களுக்கு?”

“கண்ணுல அழுத்தம். இடது கண்ணு போச்சு. மார்ச்சுலதான் சொன்னாங்க. உன்னைப் பொய்க்காரின்னு எழுதினப்போ எனக்கே தெரியாது.”

மாவு தட்டும் சத்தம் நின்றது. எவுலாலியா கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் வார்டில் நின்றவளின் முகம்தான் இருந்தது.

“என் மூக்கைப் பாருங்க. கண்ணை அசைக்கக்கூடாது. வலது கண்ணைப் பொத்துங்க.”

நெலிதா பொத்தினாள்.

“எத்தனை விரல்?”

“கையைத் தூக்கு, சொல்றேன்.”

அடுப்பில் சுள்ளி வெடித்தது.

“தூக்கி ரொம்ப நேரமாச்சுடி” என்றாள் எவுலாலியா.

பிறகு எவுலாலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திட்டத் தொடங்கினாள். “மார்ச்சுல தெரிஞ்சிருக்கு. இப்ப ஜூலை. சொட்டு மருந்து போடறியா? எத்தனை வேளை? ஆஸ்பத்திரியில வேலை செய்யறவ, ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கறவ. இந்தக் கண்ணோட நிலையத்துலேருந்து தனியா நடந்து வந்திருக்கே. சந்தைக்குப் போற வண்டி அடிச்சிருந்தா? ஒரு வருஷமா உன்னைத் திட்டின திட்டெல்லாம் வீணாப் போச்சு.”

“வீணாகல. எழுதின கடிதத்துக்கு வெச்சுக்க.”

“அதுக்குத் தனியா இருக்கு.” முற்றத்து மேசையடியிலிருந்து நாற்காலியை இழுத்தாள். “உக்காரு. தண்ணி வைக்கிறேன். கொதிக்கும், சொல்லிட்டேன்.”

நெலிதா பையிலிருந்து குடுவையையும் குழலையும் எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு குடுவையை எவுலாலியாவின் பக்கமாகத் தள்ளினாள். நான்கு மாதமாக மனதில் ஒத்திகை பார்த்த செயல் அது. “இனி நீ ஊத்து.”

எவுலாலியா குடுவையைப் பார்த்தாள். தொடவில்லை.

“எனக்குக் கசப்பு ஆகாது. முதல் குடுவையைக் குடிக்க வேற ஆளைப் பாரு.” இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து நெலிதாவின் இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் பக்கம் வேண்டாம்டி. வலப்பக்கம் வா. தெரியும்.”

“இது என் இடம். தலையைத் திருப்பு. கழுத்துக்கு என்ன அழுத்தமா?”

நெலிதா தலையைத் திருப்பினாள். மாவு ஒட்டிய கன்னமும் சிவந்த மூக்குமாக எவுலாலியா முழுசாகத் தெரிந்தாள்.

இரண்டு நாள் கழித்து இருவரும் ஒரே ரயிலில் துக்குமான் போனார்கள். மேசையைச் சுற்றி அதே முகங்கள். ரோசாரியோவிலிருந்து அசுசேனாவும் வந்திருந்தாள். நெலிதாவின் இடப்பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று எல்லாரும் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். எவுலாலியா போய் உட்கார்ந்தாள். நெலிதா முதல் குடுவையைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு இடது கண்ணு போயிடுச்சு. போன வருஷமே போயிருந்தது. இதை மரிசாகிட்ட நானே சொல்வேன், நீங்க யாரும் எழுத வேண்டாம். இன்னிக்கு நான்தான் ஊத்தப் போறேன். யாரையாவது விட்டா முழங்கால்ல தட்டுங்க.”

எர்மினியா வாயைத் திறந்தாள். குடுவைக்காகக் கையும் பாதி நீண்டது. எவுலாலியா மேசைக்கடியில் அவள் காலை மிதித்திருக்க வேண்டும். கை திரும்பிப் போயிற்று.

இதில் நெலிதாவின் துணிவு எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அவளே பிரித்துப் பார்த்ததில்லை. அன்று அவள் வலப்புறத்திலிருந்து தொடங்காமல் இடப்புறத்திலிருந்து தொடங்கினாள். தலையை முழுக்கத் திருப்பி, முகத்தைப் பார்த்து, கையில் கொடுத்தாள். தண்ணீர் விளிம்பு வரை வந்ததை ஒலியால் அறிந்து நிறுத்தினாள். ஒரு சொட்டு மேசையில் சிந்தவில்லை. யாரும் யாருடைய முழங்காலிலும் தட்ட நேரவில்லை.

நான்காம் சுற்றில் அசுசேனா நன்றி சொன்னாள். ஐந்தாவதில் எர்மினியா. எவுலாலியா மட்டும் குடுவையைப் பேசாமல் திருப்பித் திருப்பித் தந்துகொண்டிருந்தாள். இலை சுவை இழந்து, பிளாஸ்க்கில் நீர் ஆறி, ஏழாவது குடுவையையும் அடிவரை உறிஞ்சி முடித்த பிறகுதான், “நன்றி” என்றாள்.